விற்காத சரக்கைக் கொடுக்காமல் ஏன் கீறி எறிகிறார்கள்?

வாசகர் கேள்வி: 2025 ஜூன் 8

நேற்று இரவு குன்னூரில் ஒரு பெரிய கடையின் பின்பக்கம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். இரண்டு பையன்கள் பிஸ்கட் பாக்கெட்டுகளைக் கத்தியால் கீறிக் கீறி ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தொட்டியில் பன்னும் ரொட்டியும் கிடந்தன, அதன்மேல் ஃபினாயில் வேறு ஊற்றியிருந்தார்கள். கேட்டால் "மேனேஜர் சொல்லியிருக்கார்ண்ணா" என்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள், அங்கே எத்தனை பிள்ளைகள்! விற்காததைக் கொடுத்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? மனசே கிடையாதா? கடைத் தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு 10.15

பையன்களைத் திட்ட வேண்டாம், மேனேஜரையும் விடுங்கள். அந்த பிஸ்கட் இப்போது பாதிதான் கடையின் சொத்து.

கோத்தகிரியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் குன்னூரில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் குடோனில் கணக்கெழுதினேன். அங்கே பின்சுவர் ஓரமாக 'எக்ஸ்பயரி' என்று சாக்பீஸில் எழுதிய ஒரு மூலை உண்டு. மாதக் கடைசியில் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி, ரெப் என்போம், மலையேறி வருவார். சாக்கைக் கவிழ்ப்போம். பிஸ்கட், நூடுல்ஸ், உடைந்த ஷாம்பு சாஷே, கட்டி தட்டிய பால் பவுடர் எல்லாம் கலந்து ஒரு வாடை அடிக்கும் பாருங்கள், வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் போகாது. ரெப் ஒவ்வொன்றாக எண்ணி, பேட்ச் நம்பரையும் தேதியையும் குறித்துக்கொண்டு, கத்தியால் ஒரு கீறு போடுவார். அப்புறம் போட்டோ. அந்தப் போட்டோ போனால்தான் கிளெய்ம் பாஸாகும், கிரெடிட் நோட் வரும், அதாவது அந்தச் சரக்கின் காசு எங்கள் கணக்கில் வரவாகும்.

கீறாவிட்டால் அதே பாக்கெட் அடுத்த மாதம் இன்னொரு கடையின் சாக்கிலிருந்து திரும்ப வரும். இல்லையென்றால் தேதியை அழித்துவிட்டு வாரச் சந்தையில் கூறு கட்டி விற்பார்கள். இரண்டையும் பார்த்திருக்கிறேன். அதனால் சரக்கு ஒழிந்தது என்று உறுதியானால்தான் கம்பெனி காசு தரும். "லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துட்டேன் சார்" என்றால் ரெப் நல்ல மனிதராக இருந்தால் சந்தோஷப்படுவார். கிளெய்ம் மட்டும் வராது.

ஜூன் 8, இரவு 10.40

ஒன்று சொல்ல விட்டேன். இது நம் ஊர் கெட்ட புத்தி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் விற்காத மலிவுப் பதிப்பு பேப்பர்பேக் நாவல்களுக்கும் இதே ஏற்பாடுதான். கடைக்காரர் அட்டையை மட்டும் கிழித்துப் பதிப்பாளருக்கு அனுப்பிக் காசு வாங்கிக்கொள்வார், அட்டையில்லாத புத்தகம் குப்பைக்குப் போகும். முழுப் புத்தகத்தையும் திருப்பி அனுப்பினால் தபால் செலவு புத்தக விலையைத் தின்றுவிடும்.

ஜூன் 9, காலை

"தேதி முடிவதற்கு முன்னாலேயே கொடுக்கலாமே" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். இதுதான் சரியான கேள்வி. பதில் என் கடையிலேயே இருக்கிறது.

தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும் பிஸ்கட்டைப் பார்க்கிறேன். சனி ஞாயிறு கூட்டம் வந்தால் போய்விடும் என்று மனசு சொல்கிறது. திங்கட்கிழமை பார்த்தால் அப்படியே இருக்கிறது. சரி, அடுத்த சனி. இப்படியே தள்ளித் தள்ளி ஒருநாள் தேதி தாண்டிவிடும். அன்றைக்கு விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. மலையில் இது இன்னும் மோசம். மே மாதத்துக் கூட்டத்தை நம்பித்தான் ஏப்ரலில் சரக்கு எடுக்கிறோம். 2025-இல் சுற்றுலா வண்டிகளுக்கான இ-பாஸ் அனுமதியில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். அது சரியா தப்பா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் எவ்வளவு கூட்டம் வரும் என்று கணக்குப் போட எந்தக் கடைக்காரருக்கும் பிடிபடவில்லை. ஜூனில் மழை இறங்கியதும் மிச்சம் எல்லாம் ரேக்கில் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கொடுக்க மனசு வருகிற நேரமும் கொடுக்கத் தகுதியான நேரமும் ஒன்றாக வருவதில்லை. எறிவதற்கு நான் சொல்லும் முதல் காரணம் இதுதான். கஞ்சத்தனம் அப்புறம்தான்.

ஜூன் 9, மதியம்

"சட்டம் தடுக்கிறது" என்று எழுதியவருக்கு: தடுக்கவில்லை. மிச்ச உணவை மீட்டுப் பகிர்வதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது. எடுத்துப் போகும் அமைப்பு பதிவு வைத்திருக்க வேண்டும், தேதி தாண்டியது கூடாது, கணக்கு எழுத வேண்டும். கொடுக்காதே என்று அதில் எங்கும் இல்லை.

கடைக்காரரின் பயம் வேறு மாதிரி. பத்துப் பிள்ளைகள் சாப்பிட்டு அதில் ஒன்றுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஊர் என்ன சொல்லும்? "கெட்டுப்போனதை ஏழைக்குக் கொடுத்தான்." விற்றதில் கோளாறு என்றால் பில் இருக்கிறது, பேட்ச் நம்பர் இருக்கிறது, கம்பெனி பதில் சொல்லும். சும்மா கொடுத்ததற்கு நான் ஒருவன்தான் பொறுப்பு. அமெரிக்காவில் 1996-லேயே, நல்லெண்ணத்தோடு உணவு கொடுத்தவர்மேல் வழக்குப் பாயாமல் காக்கும் சட்டம் வந்துவிட்டது. அங்கேயும் தொட்டி நிறையத்தான் செய்கிறது. ஆகையால் பயம் சட்டத்தில் மட்டும் இல்லை.

ஜூன் 9, இரவு

பிரான்ஸைப் பார் என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். பார்த்தேன். 2016 பிப்ரவரியில் வந்த சட்டம். 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட சூப்பர் மார்க்கெட்டுகள் தின்னத்தக்க உணவை வேண்டுமென்றே கெடுக்கக் கூடாது, தொண்டு அமைப்போடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். நம்மூர் ஃபினாயில் மாதிரி அங்கே பிளீச்சிங் ஊற்றும் பழக்கம் இருந்ததால்தான் கெடுப்பதற்கும் சேர்த்துத் தடை போட்டார்கள். நல்ல சட்டம், எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 400 சதுர மீட்டர் கடை நம் மலையில் எத்தனை இருக்கிறது? என் கடைக்குள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வெளியே போய் வழிவிட வேண்டும்.

ஜூன் 10

ஜி.எஸ்.டி. விஷயத்தைக் கிளப்பியவர் பாதி சரி. "எறிந்தால் வரி லாபம், கொடுத்தால் நஷ்டம்" என்று அவர் எழுதியது நம் ஜி.எஸ்.டி.க்குப் பொருந்தாது. சட்டத்தின் 17(5)(h) பிரிவைப் பாருங்கள். தொலைந்தது, திருடு போனது, அழித்தது, தள்ளுபடி எழுதியது, அன்பளிப்பாகவோ இலவச சாம்பிளாகவோ கொடுத்தது எல்லாவற்றுக்கும் உள்ளீட்டு வரிக் கழிவு, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. எறிந்தவனையும் கொடுத்தவனையும் அது ஒரே வரிசையில் நிறுத்துகிறது. தர்மத்துக்குச் சலுகையும் இல்லை, தண்டனையும் இல்லை.

வருமான வரியில்தான் கொஞ்சம் இடிக்கும். நன்கொடைக்கு வரி குறைக்கும் 80G சலுகை, பணமாகக் கொடுத்தால்தான். அரிசி மூட்டையாகக் கொடுத்தால் கிடையாது. கெட்டுப்போன சரக்கையோ கடைசிச் சரக்குக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம், லாபம் அந்த அளவுக்குக் குறையும். எங்கள் ஆடிட்டர் இதை ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார், எனக்குப் புரிய ஒரு டீ ஆனது.

ஜி.எஸ்.டி.யைக் கிளப்பியவர் படித்தது ஐரோப்பாக் கதையாக இருக்கும். அங்கே சரக்கைச் சும்மா கொடுத்தாலும் விற்றதாக வைத்து வரி கேட்கும் விதி உண்டு. அமெரிக்காவில் இன்னொன்று: இறக்குமதி செய்து பயன்படுத்தாத சரக்கைச் சுங்கத் துறை அறிய அழித்தால், கட்டிய தீர்வையில் 99 சதவீதம் திரும்பக் கிடைக்கும். பெரிய பிராண்டுகள் இறக்குமதிச் சரக்கை அழிக்க இதுவும் ஒரு தூண்டுதல்.

ஜூன் 10, சற்று பின்னால்

ஃபினாயில். "இது கொடூரம்" என்று பலர் கொதித்திருக்கிறீர்கள். சமவெளியில் இருந்து எழுதுபவர்களுக்கு ஒன்று தெரியாது. இங்கே தொட்டியைத் தேடி முதலில் மனிதன் வருவதில்லை, கரடி வருகிறது. கோத்தகிரிப் பக்கம் எண்ணெய் வாசனைக்குக் கோயில் கதவையும், அரிசி பருப்புக்கு அங்கன்வாடிக் கதவையும் உடைத்திருக்கிறது. பேக்கரிக் குப்பையில் இனிப்பு ருசி கண்ட கரடி அந்தத் தெருவை மறக்காது. காட்டு மாடு ஒருபக்கம், பன்றி ஒருபக்கம். என் கடைக்குப் பின்னால் ஒருநாள் விடியற்காலை ஷட்டரைத் தூக்கினால், நாட்டுச் சர்க்கரைச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கரடி உட்கார்ந்திருக்கிறது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி சாக்குக்குள் தலையை விட்டது. ஷட்டரை மெதுவாக இறக்கிவிட்டு எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஃபினாயில் ஊற்றுவது சரி என்று நான் சொல்ல வரவில்லை. கரடிக்கும் அது விஷம்தான். பூட்டுகிற அறையில் வைத்து, காலையில் நகராட்சி வண்டி வரும்போது கையில் கொடுப்பதுதான் முறை. அதற்கு ஓர் அறை வேண்டும், காலை ஆறு மணிக்கு ஆள் வேண்டும். ஃபினாயில் பாட்டில் மலிவு.

ஜூன் 11

அந்தக் கடைசி வரியை வைத்து "அப்போ எல்லாம் செலவுதானா" என்று கேட்டால், ஆமாம், பெரும்பாலும். கூட்டிப் பாருங்கள். குப்பை வண்டி வாசலுக்கு வருகிறது. சாக்கைத் தூக்கிப் போட்டால் குன்னூர்க் குப்பை சேரும் ஓட்டுப்பட்டறைக்குப் போய்ச் சேர்ந்துவிடும், அங்கே தரம் பிரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். லைன் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால்? கடை அடைக்க ஒன்பது மணி. கடைசி பஸ் போய்விட்டது. ஆட்டோக்காரர் இருட்டில் எஸ்டேட் ரோட்டில் வரமாட்டேன் என்பார், வந்தாலும் திரும்பி வருகிற காசையும் சேர்த்துக் கேட்பார். நாற்பது ரொட்டியின் மதிப்பைவிட ஆட்டோ வாடகை அதிகம். எறிகிற பாதைக்கு யாரோ ஏற்கெனவே காசு கட்டிவிட்டார்கள், கொடுக்கிற பாதைக்கு இன்னும் யாரும் கட்டவில்லை.

கேரட்டிலும் இதேதான். விலை விழுந்த வருஷம் முத்தோரை, கேத்திப் பக்கம் தோட்டத்திலேயே விட்டுவிடுவார்கள். பிடுங்கு கூலி, கழுவு கூலி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி வாடகை எல்லாம் போட்டால் கையைக் கடிக்கும். ஊரே பார்த்து "ஐயோ பாவம்" என்னும். அந்த ஊரிலிருந்து கூடை எடுத்துக்கொண்டு பிடுங்க வந்தவர்கள் ரொம்பக் குறைவு.

ஜூன் 12

துணிக்கு வருவோம், கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். விலை உயர்ந்த உடை விற்கும் பிரிட்டனின் பர்பெரி நிறுவனம் 2017-18 நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கை அழித்ததாக அதன் ஆண்டறிக்கையிலேயே இருந்தது. ஊர் கொந்தளித்ததும் 2018 செப்டம்பரில் நிறுத்திக்கொள்கிறோம் என்றார்கள். அவர்கள் பயம் எளிது: இலவசமாகக் கொடுத்தது நாளைக்குப் பிளாட்பாரத்தில் தொங்கினால் ஷோரூமில் முழு விலை கொடுத்து எவன் வாங்குவான்? பிரான்ஸ் 2020-இல் இதற்கும் சட்டம் போட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் விற்காத உடையையும் செருப்பையும் பெரிய நிறுவனங்கள் அழிக்கக் கூடாது என்ற தடைக்கு 2026 ஜூலையைத் தொடக்கமாகக் குறித்திருக்கிறார்கள்.

ஊட்டி ஸ்வெட்டருக்கு இந்தத் தொல்லையே இல்லை. திபெத்தியக் கடைக்காரர்கள் லூதியானாவில் எடுத்து வருகிறார்கள், விற்காததைக் கட்டி வைத்து அடுத்த சீசனுக்கு அவிழ்க்கிறார்கள். குரங்குக் குல்லாய்க்கு எந்த ஃபேஷன் மாறப்போகிறது? நான் பள்ளிக்கூடம் போனபோது போட்டதை இப்போதும் தொங்கவிட்டிருக்கிறார்கள், டூரிஸ்ட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்கிறார்.

ஜூன் 13

ஒரு நண்பர் தனிமடலில், "எதை அழித்தாலும் பாவம்தான்" என்று எழுதியிருந்தார். தேயிலை ஊரில் இருந்துகொண்டு இதை ஒத்துக்கொள்ள முடியாது. ஃபேக்டரியில் சலித்து எடுத்த கழிவுத் தூள் இருக்கிறதே, அதைக் கட்டுப்படுத்த 1959-லேயே ஆணை உண்டு. லைசென்ஸ் இல்லாமல் வாங்க விற்க முடியாது. டீ போட உதவாதபடி கெடுத்துவிட வேண்டும். ஏன்? விட்டால் சாயம் ஏற்றி, நல்ல தூளோடு கலந்து, நம் தம்ளருக்கே திரும்பி வரும். அதில் அடிபடுவது சிறு விவசாயியின் இலை விலை. ஏற்கெனவே அந்த விலை எங்கே கிடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கழிவுத் தூளை "ஏழைகள் குடிக்கட்டுமே" என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன்.

ஆனால் இதே நியாயத்தை நல்ல பிஸ்கட்டுக்கும் கம்பெனி நீட்டும்போதுதான் எனக்குக் கசக்கிறது. கழிவுத் தூள் முதல் நாளே கழிவு. பிஸ்கட் நேற்றுவரை உணவு. தேதிக்கு ஒரு மாதம் முன்னால் சாக்கை எடுத்துக்கொள்கிறேன், நல்லதைப் பிரித்துப் பதிவு பெற்ற அமைப்புக்குக் கொடுக்கிறேன், கடைக்கும் கிரெடிட் தருகிறேன் என்று கம்பெனியே சொன்னால் என் குடோன் மூலையில் பாதி காலியாகிவிடும். ரெப்பிடம் சொல்லிப் பார்த்தேன். "டார்கெட் முடியட்டும் அண்ணாச்சி, பார்க்கலாம்" என்றார். அவர் டார்கெட் எந்த மாதம் முடிந்தது?

ஜூன் 14

தானமாக வாங்குகிறவர்கள் பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

2019 ஆகஸ்டில் ஊட்டிக்குப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அந்த வாரம் ஒரு முகாமில் சாமான் இறக்கப் போயிருந்தேன். முதல் வண்டியில் ரொட்டி. இரண்டாவது வண்டியிலும் ரொட்டி. மூன்றாவதைத் திறக்காமலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஈரத்தில் மறுநாளே பச்சைப் பூசணம் பிடித்தது. பொறுக்கிப் பிரிக்க நாலு பெண்கள் பகல் முழுக்க உட்கார்ந்தார்கள், அவர்களே வீட்டில் தண்ணீர் புகுந்து முகாமுக்கு வந்தவர்கள். துணி மூட்டையில் கொக்கி போன பாவாடை, ஒற்றைச் சாக்ஸ், கீழே கோயம்புத்தூர் வெயிலுக்குக்கூடப் போட முடியாத மெல்லிய நைட்டி. ஒரு பாட்டி ஒரு சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை அவங்க வீட்டுல கரித்துணியாகூட வெச்சிருக்க மாட்டாங்க" என்றார். சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் ரோட்டோரம் குவிந்து கிடந்த பழந்துணியை நினைவிருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை.

ஒரு கடை எறிய வேண்டியதைக் கொடுக்கும்போது குப்பை ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். அதைப் பிரிக்கிற வேலை, புதைக்கிற வேலை, அவமானம் மூன்றும் வாங்கியவர் தலையில். இங்கே ஒரு விடுதியின் வார்டன் பேக்கரிக்காரரிடம் "தயவுசெய்து அனுப்பாதீங்க" என்று கும்பிட்டுச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அவருக்கு நன்றி கெட்டவர் என்று பெயர்.

ஜூன் 14, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன், கொடுக்கவே வேண்டாம் என்று சொல்வதுபோல இருக்கிறது. அப்படி இல்லை. எங்கள் தெருப் பேக்கரி ஒன்று எதையும் எறிந்து நான் பார்த்ததில்லை. முதல்நாள் ரொட்டியைக் காலை ஆறரைக்கு ஒரு பெஞ்சில் வைத்துப் பாதி விலை போடுவார். இலை பறிக்கப் போகிற பெண்கள் ஜீப் ஏறுமுன் வாங்கிப் போவார்கள். "நேத்து ரொட்டிதானே, ரெண்டு ரூபா குறைங்க" என்று பேரமும் பேசுவார்கள். யாரும் கை ஏந்தவில்லை. அதிலும் மிஞ்சினால் ரஸ்க், அப்புறம் கட்லெட்டுக்கு ரொட்டித் தூள். ஓரம் வெட்டிய கேக் என்ன ஆகிறது என்று கேட்காதீர்கள், டிசம்பர் பிளம் கேக் உங்களுக்குப் பிடிக்காமல் போய்விடும்.

பெரிய கடைகள் இதை ஏன் செய்வதில்லை? பாதி விலை பெஞ்சு வைத்தால் எட்டு மணிக்கு முழு விலை கொடுக்கிறவர் ஆறரைக்கு வந்துவிடுவார் என்ற பயம். பேக்கரிக்காரரிடம் கேட்டேன். "வரட்டுமே, அந்தக் குளிர்ல எந்திரிச்சு வர்றவனுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தா என்ன" என்றார்.

ஜூன் 16

குன்னூரில் நாலு பேர் சேர்ந்து சேகரிக்கலாம் என்று கிளம்பியிருப்பதாகத் தகவல். நல்லது. கடைக்காரனாகச் சொல்கிறேன்: முதலில் கடைக்குப் போகாதீர்கள், வாங்குகிற இடத்துக்குப் போங்கள். எந்தக் கிழமை, எத்தனை பேர், என்ன வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும். அப்புறம் வண்டி. உணவு ஆணையத்துப் பதிவையும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கடைக்கு வந்து, "செவ்வாயும் வெள்ளியும் மாலை ஏழு மணிக்கு நான் வருவேன், தேதிக்குப் பத்து நாள் இருக்கிறதை எடுத்து வையுங்கள், இந்த நோட்டில் கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்லுங்கள். முதலாளி முறைப்பார், கொடுப்பார். இரண்டு செவ்வாய் வராமல் போனால் மூன்றாவது செவ்வாய் சாக்கு பழைய மூலைக்கே போய்விடும்.

கோத்தகிரிக்கு வந்தால் என் ரேக்கையும் பாருங்கள். சத்துமாவு நாலு டப்பா இருக்கிறது, தேதி ஆகஸ்ட் கடைசி.

ஜூன் 17

"மிஞ்சிய வர்க்கியையும் (நம் ஊட்டியின் மொறுமொறு பேக்கரிப் பண்டம்) இதில் சேர்க்கலாமா" என்று கேட்டவருக்கு: சேர்க்கலாம், கிடைத்தால். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து கூடையில் நிற்பதே இல்லை. மிஞ்சினாலும் இந்த மழைக்கு நமத்துத்தான் போகும். தோசைக்கல்லைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அதன்மேல் ஐந்து நிமிஷம் போட்டு எடுங்கள். மொறுமொறுப்பு திரும்பிவிடும். எண்ணெய் விட வேண்டாம், வர்க்கியிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது.